மதுரையில் முதல் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குபவருக்கு: அட்வான்ஸ் கட்டும் முன்பே காப்பீட்டைப் பேசி முடியுங்கள்

மேலூரைத் தாண்டி ஒரு டீக்கடை ஓரத்தில் நிறுத்தியிருந்த என் வண்டி, சைடு ஸ்டாண்டு மணலில் புதைந்ததால் மெதுவாக இடப்பக்கம் சாயத் தொடங்கியது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான் எழுவதற்குள் அது படுத்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் வேகத்தில்கூட ஓடாமல், நின்ற இடத்திலேயே இடப்பக்க ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) பிளந்தது, கிளட்ச் லிவர் முறிந்தது, இண்டிகேட்டர் வயரில் தொங்கியது. சர்வீஸ் சென்டரில் பாலிசித் தாளை நீட்டியபோது அங்கிருந்த தம்பி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சொந்த சேதத்துக்கான காப்பீடு முடிஞ்சு பத்தொன்பது நாள் ஆச்சே" என்றார். ஐந்து ஆண்டுக் காப்பீடு எடுத்திருக்கிறேன் என்று நான் வாதிட்டேன். அவர் தாளின் நடுவில் இருந்த இரண்டு வரிகளை விரலால் காட்டினார்: மூன்றாம் நபர் பொறுப்பு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது, ஐந்து ஆண்டுக்கு; சொந்த சேதம், அதாவது நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது, ஓராண்டுக்கு. பணம் முழுவதும் என் கையிலிருந்துதான் போனது.

வண்டியை வாங்க ஆறு மாதம் ஆராய்ந்த நான், அந்தத் தாளை ஆறு நிமிடம்கூடப் படிக்கவில்லை. 300 முதல் 500 சி.சி. வரையுள்ள, முழு ஃபேரிங் போட்ட வண்டியை முதன்முறையாக வாங்கப் போகிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

1. வண்டி உங்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்பிளெண்டர் போன்ற வண்டியின் எடை 112 கிலோ. யமஹா ஆர்3 வண்டியின் எடை 169 கிலோ, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியின் எடை 174 கிலோ. ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாது. சந்துக்குள் இருக்கும் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் திருப்பும்போதும், சரிவான இடத்தில் ஒற்றைக் காலில் தாங்கும்போதும்தான் தெரியும். ஹேண்டில்பார் தாழ்வாக இருப்பதால் உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். நகரத்துக்குள் அரை மணி நேரம் ஓட்டினாலே கை வலிக்கத் தொடங்கும். ஹேண்டில்பார் குறைந்த அளவே திரும்பும் என்பதால், ஸ்கூட்டரில் ஒரே வீச்சில் திரும்பிய தெருவில் இரண்டு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும்.

டெஸ்ட் ரைடு என்ற பெயரில் ஷோரூமைச் சுற்றி இரண்டு தெரு மட்டும் ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். நண்பகலில் நேரம் கேளுங்கள். காளவாசல் சிக்னலிலோ கோரிப்பாளையத்திலோ இரண்டு முறை நின்று வாருங்கள். ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்கியதும் வெந்த காற்று தொடையிலும் முழங்காலிலும் அடிக்கும். சித்திரை வெயிலில் அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கிராமத்து வேகத்தடை ஒன்றையும் தேடிப் பிடித்து ஏற்றி இறக்குங்கள். வண்டியின் அடிவயிறு உரசும் ஓசை ஒருமுறை கேட்டால், உங்கள் ஊர்ச் சாலைக்கு அது ஒத்துவராது என்பது புரிந்துவிடும்.

பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிச் செல்லுங்கள். பின் இருக்கை உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். என் அம்மா ஒரே ஒருமுறை ஏறி அமர்ந்து, ஆரப்பாளையம் வரை போய், திரும்பும்போது பஸ்ஸில் வந்தார். வீட்டில் ஒரே வண்டி என்றால் இது போதாது. பழைய ஸ்கூட்டரை விற்காமல் வைத்திருங்கள் என்பது என் கருத்து.

உரிமத்தையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளாக அப்பாவின் கியர் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போய்விடும்; விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மையே மறுக்க அது போதுமான காரணம். கியருள்ள மோட்டார் சைக்கிள் வகையைச் சேர்க்க, பழகுநர் உரிமம் எடுத்து 30 நாட்கள் காத்திருந்த பிறகே தேர்வுக்குப் போக முடியும். ஆகவே வண்டிக்கு முன்பதிவு செய்வதற்கு முன் அதைத் தொடங்குங்கள்.

2. 350 சி.சி. என்ற கோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

வண்டியின் திறன் அட்டவணையில் குதிரைத்திறனைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். செலவைத் தீர்மானிப்பது சி.சி. என்ற எண். 350 சி.சி.க்குக் கீழே ஒரு கணக்கு, மேலே வேறு கணக்கு.

2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிளுக்கு வாழ்நாள் சாலை வரி 12 சதவீதம், ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையின் மேல் அது கணக்கிடப்படுவதால் வரிக்கு மேல் வரி ஏறுகிறது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, புதிய வண்டிக்கான ஐந்து ஆண்டுக் கட்டணம் 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய். 350க்கு மேல் 15,117 ரூபாய். இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பணம் கட்டும் நாளில் புதிய அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிக்கு முன் 2,50,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 350க்குக் கீழே, மற்றொன்று மேலே. முதலாவது 2,95,000 ஆகிறது, சாலை வரி 35,400. இரண்டாவது 3,50,000 ஆகிறது, சாலை வரி 42,000. மூன்றாம் நபர் காப்பீட்டின் வேறுபாட்டையும் சேர்த்தால் இரண்டுக்கும் இடையே 70,000 ரூபாய்க்கு மேல் இடைவெளி விழுகிறது. 296 சி.சி. நிஞ்சா 300, 312 சி.சி. ஆர்.ஆர். 310, 321 சி.சி. ஆர்3 ஆகியவை கோட்டுக்குக் கீழே இருப்பவை. 373 சி.சி. கே.டி.எம். ஆர்.சி. 390, 457 சி.சி. ஏப்ரிலியா ஆர்.எஸ். 457 ஆகியவை மேலே இருப்பவை. மேலே இருப்பதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018இல் வகுத்த உச்ச வேகம் 80 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கும் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் 300 சி.சி.யே தாராளம் என்பது என் அனுபவம்.

3. வண்டி யார் பெயரில் என்பதை முடிவு செய்யுங்கள்

கடன் எளிதில் கிடைக்கும் என்பதற்காகவும், மகன் இன்னும் வேலைக்குப் போகவில்லை என்பதற்காகவும், அப்பாவின் பெயரில் வண்டி எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான்.

பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டின் தொகை 15 லட்சம் ரூபாய். அது உரிமையாளர், தகுந்த உரிமத்தோடு தாமே ஓட்டும்போது நேரும் விபத்துக்கு மட்டுமே பொருந்தும். வண்டி அப்பாவின் பெயரில் இருந்து, மகன் ஓட்டி, வேறு எந்த வண்டியும் மோதாமல் தானே சறுக்கி விழுந்தால், அந்த 15 லட்சம் மகனுக்கு வராது. மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்தும் வராது. ஏனெனில் உரிமையாளரிடமிருந்து வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவரே தவிர மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதாவது, வண்டியை நாள்தோறும் ஓட்டும் ஒருவருக்கு மட்டும் அந்தப் பாலிசியில் பாதுகாப்பு இல்லை.

ஓட்டுபவரின் பெயரிலேயே வண்டியைப் பதிவு செய்வதுதான் நேரான வழி. கடனுக்கு அப்பாவைத் துணை விண்ணப்பதாரராகவோ ஜாமீன்தாரராகவோ சேர்க்கலாம். அது முடியாதென்றால், ஓட்டுபவருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டு பாலிசி எடுத்துவிடுங்கள். உரிமையாளரிடம் ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத தனி விபத்துக் காப்பீடு இருந்தால், வண்டியோடு மீண்டும் ஒன்று எடுக்கத் தேவையில்லை; எழுதிக்கொடுத்து அந்தக் கட்டணத்தைத் தவிர்க்கலாம்.

ஓட்டுபவரின் வயதைப் பொறுத்துப் பிரீமியம் பல மடங்கு ஏறும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்துப் பயந்து, அதற்காகவே அப்பாவின் பெயரில் எடுத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அமெரிக்காவில் வயது கணக்கில் வரும். இங்கே பிரீமியத்தை நிர்ணயிப்பவை வண்டியின் விலை, சி.சி., வண்டியின் வயது, பதிவான ஊர் ஆகியவைதாம். இருபது வயதுப் பையன் என்பதற்காகத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

4. கொட்டேஷனை வரிவரியாகப் பிரித்து வாங்குங்கள்

"ஆன்ரோடு இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, கூடுதல் பொருட்கள் என்று ஐந்து வரிகளாக எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தரப்பட்ட முதல் கொட்டேஷனில் "இதர செலவுகள்" என்று ஒரு வரி இருந்தது. அது எதற்கு என்று கேட்டதும் பாதியாகக் குறைந்தது. ரசீது கொடுப்பீர்களா என்று கேட்டதும் மறைந்தேவிட்டது.

காப்பீட்டை ஷோரூம் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. எடுப்பது வசதி, கேஷ்லெஸ் முறையில், அதாவது பழுதுச் செலவை நிறுவனமே நேரடியாகக் கட்டும் முறையில், பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் விலையை ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுக்காதீர்கள். ஒப்பிடும் முறை இது.

பாலிசியில் மூன்றாம் நபர் பகுதியின் கட்டணம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான்; அதில் பேரம் பேச இடமில்லை. பேரம் உள்ள இடம் சொந்த சேதப் பகுதி. பழைய கட்டண அட்டவணையின்படி, சென்னை, பெங்களூரு போன்ற எட்டுப் பெருநகரங்கள் முதல் மண்டலம். மதுரை உள்ளிட்ட மற்ற ஊர்கள் எல்லாம் இரண்டாம் மண்டலம். இரண்டாம் மண்டலத்தில் புதிய வண்டிக்கு அடிப்படை விகிதம் 150 முதல் 350 சி.சி. வரை 1.760 சதவீதம், அதற்கு மேல் 1.844 சதவீதம். இதை ஐ.டி.வி.யின் மேல், அதாவது வண்டியை முழுதாக இழந்தால் நிறுவனம் தரும் காப்பீட்டு மதிப்பின் மேல், கணக்கிட்டு, அதிலிருந்து நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. புதிய வண்டியின் ஐ.டி.வி. என்பது எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம்.

முன்பு சொன்ன 2,95,000 ரூபாய் வண்டியையே எடுத்துக்கொண்டால், ஐ.டி.வி. 2,80,250. சொந்த சேதக் கட்டணம் தள்ளுபடியின்றி 4,932 ரூபாய். பாதி தள்ளுபடி கிடைத்தால் 2,466. மூன்றாம் நபர் கட்டணத்தையும் ஜி.எஸ்.டி.யையும் கூட்டினால் முதல் ஆண்டில் 11,600 முதல் 14,500 வரை வரும். 3,50,000 ரூபாய் விலையுள்ள, 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குப் பாதி தள்ளுபடியோடும் 21,450 ஆகிவிடும். விபத்துக் காப்பீடும் கூடுதல் பாதுகாப்புகளும் இதற்கு மேல். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று மேசையில் வைத்தால், எதிரே இருப்பவரின் பேச்சு மாறுவதைக் காண்பீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரீமியம் குறைவாகத் தெரிவதற்காகச் சிலர் ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடுவார்கள். 30,000 ரூபாய் மதிப்பைக் குறைத்தால் மிச்சமாவது சில நூறு ரூபாய். வண்டி திருடு போனால் இழப்பது அந்த 30,000.

5. கூடுதல் பாதுகாப்புகளில் எது தேவை, எது தேவையில்லை

ஃபேரிங் போட்ட வண்டிக்கு ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானக் கழிவு இல்லாத பாதுகாப்பு, கட்டாயம் வேண்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் முதல் நாளிலிருந்தே 50 சதவீதம் கழிக்கப்படும். பெயிண்ட் பொருளின் விலையிலும் பாதி போகும். உலோகப் பாகங்களுக்கு முதல் ஆறு மாதம் கழிவே இல்லை. ஸ்பிளெண்டர் போன்ற சாதாரண வண்டி கீழே விழுந்தால் வளைவது பெரும்பாலும் இரும்பு. நம் வண்டி விழுந்தால் உடைவது முழுவதும் பிளாஸ்டிக். ஃபேரிங் 12,000 ரூபாய் என்றால் 6,000 உங்கள் பங்கு. ஓராண்டில் எத்தனை முறை இந்தச் சலுகையில் கிளெய்ம் செய்யலாம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பல பாலிசிகளில் இரண்டு முறைதான்.

விலைப்பட்டியல் தொகையைத் திருப்பித் தரும் பாதுகாப்பு (ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்) இரண்டாவது. வண்டி திருடு போனாலோ, பழுதுச் செலவு ஐ.டி.வி.யின் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, சாதாரண பாலிசியில் ஐ.டி.வி. மட்டுமே கிடைக்கும். நம் எடுத்துக்காட்டு வண்டிக்கு நீங்கள் கொடுத்தது வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 3,42,000, வருவது 2,80,250. கடனில் எடுத்தவருக்கு இந்த 61,750 ரூபாய் இடைவெளி வலிக்கும். முதல் மூன்று ஆண்டுகளுக்காவது இதை எடுப்பது நல்லது.

பின்னால் அமர்பவருக்கான விபத்துக் காப்பீடு மிகச் சிறிய தொகை, சேர்த்துவிடுங்கள். சாலையோர உதவி, வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறுகிறவர்களுக்குப் பயன்படும். என்ஜின் பாதுகாப்பும், ஆயில், நட்டு போன்றவற்றுக்கான நுகர்பொருள் பாதுகாப்பும் இல்லாமலே சமாளிக்கலாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ரயில்வே சுரங்கப்பாதை வழியாகத்தான் அன்றாடம் போக வேண்டும் என்றால் மட்டும் முதலாவதை யோசியுங்கள். சாவி தொலைந்தால் பணம் தரும் பாதுகாப்பு எனக்கு விற்கப்பட்டது. எதற்கு வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் நபரின் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு இருசக்கர வாகன பாலிசி ஒரு லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் கட்டணத்தில் ஏறக்குறைய ஐம்பது ரூபாய் குறையும். உங்கள் கொட்டேஷனில் அப்படிக் குறைத்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

6. பழைய வண்டியின் என்.சி.பி.யை விட்டுவிடாதீர்கள்

என்.சி.பி. என்பது கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி. அது 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதம் வரை போகும். அது வண்டிக்குச் சொந்தமானதன்று, உங்களுக்குச் சொந்தமானது. உங்கள் பெயரிலிருந்த பழைய பைக்கை விற்றுவிட்டுப் புதியதை வாங்கினால், பழைய நிறுவனத்திடம் என்.சி.பி. சான்று கேட்டு வாங்கி, புதிய பாலிசியின் சொந்த சேதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். சான்று மூன்று ஆண்டுகள் செல்லும். பழைய வண்டியையும் வைத்துக்கொண்டு இரண்டிலும் கழிக்க முடியாது. பொய்யாகக் கழித்திருந்தால், கிளெய்ம் வரும் நாளில் அது வெளியாகிவிடும்.

7. ஆவணங்கள், பணம், நாட்கள்

ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், கடன் என்றால் பான் அட்டையும் ஆறு மாத வங்கி அறிக்கையும். ஆதாரில் ஊர் முகவரி இருந்து, நீங்கள் மதுரையில் வாடகைக்கு இருந்தால், வாடகை ஒப்பந்தத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். எனக்கு நான்கு நாட்கள் இழுத்தடித்தது இதுதான். மதுரையில் பதிவு எண் முகவரியைப் பொறுத்து டிஎன் 58, 59, 64 என்ற மூன்றில் ஒன்றாக வரும்.

ஷோரூம் உங்களிடம் கையெழுத்து வாங்குவது பதிவு விண்ணப்பமான படிவம் 20இல். கடன் இருந்தால் படிவம் 34இலும். விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளரின் தகுதிச் சான்றான படிவம் 22 ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். படிவம் 21இல் தயாரிப்பு மாதம் இருக்கும். ஜனவரியில் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டிசம்பரில் தயாரான வண்டி ஒரே நாளில் "போன வருஷத்து வண்டி" ஆகிவிடுகிறது, விற்கும்போது அந்த ஓராண்டு விலையில் தெரியும்.

இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. சீட்டுப் பணத்தைக் கட்டுக்கட்டாக எடுத்துச் சென்று திரும்பி வராதீர்கள். வங்கி வழியாகவே அனுப்புங்கள். முன்பணம் திருப்பித் தரத்தக்கதா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஆடி மாதத்தில் கூட்டம் இருக்காது. வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் பேரம் பேச அதுவே ஏற்ற காலம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் டெலிவரி எடுப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அந்த அவசரத்தில் யாரும் எதையும் சரிபார்க்க மாட்டார்கள்.

8. டெலிவரி எடுக்கும் நாளில்

நல்ல நேரம் பார்த்து வண்டியை எடுப்பதில் தவறில்லை. அதற்கு முன் பாலிசி தொடங்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். முகூர்த்தம் காலை ஏழரைக்கு, பாலிசி தொடங்குவது அன்று பிற்பகலில் என்றால், பாண்டி கோவிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் ஏற்றி வரும் வரை வண்டிக்குக் காப்பீடே இல்லை. காப்பீடின்றி ஓட்டினால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், மறுமுறை 4,000. மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

பாலிசியில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். பெயரின் முதலெழுத்து, நாமினி, கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். உயர்பாதுகாப்பு எண் பலகை பொருத்தாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள இரண்டு ஹெல்மெட், கையுறை, காற்றோட்டமான ஜாக்கெட் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிம இடைநீக்கமும் உண்டு. கிராஷ் கார்டு, கூடுதல் விளக்கு போன்றவற்றைப் பொருத்தினால் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். மின்சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம்தான் கட்டணம். சத்தம் போடும் சைலன்சரை மாற்றுவது அபராதத்துக்கும் கிளெய்ம் தகராறுக்கும் ஒருசேரக் கதவைத் திறந்துவிடும்.

9. விழுந்துவிட்டால்

முதலில் ஆளைப் பாருங்கள். பிறகு வண்டியைத் தூக்குவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். இடமும் எண் பலகையும் படத்தில் தெரிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு அங்கிருந்தே தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். பிறருக்குக் காயம் ஏற்பட்டிருந்தாலோ வண்டி திருடு போயிருந்தாலோ காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை தேவை. திருட்டு என்றால் நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். ஆகவே இரண்டாவது சாவியை வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை உடைந்த பாகங்களைக் கழற்றவோ தூக்கிப்போடவோ விடாதீர்கள்.

என்.சி.பி. போய்விடும் என்று பயந்து சிறிய சேதங்களைக் கைப்பணத்தில் சரிசெய்யும் பழக்கம் காரில் பொருந்தலாம். பைக்கில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சொந்த சேதக் கட்டணமே 2,466 ரூபாய் என்றால், 20 சதவீதம் என்பது ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. 5,000 ரூபாய் சேதத்துக்குத் தயங்காமல் கிளெய்ம் செய்யலாம்.

குடித்துவிட்டு ஓட்டியது, பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கோ போய் ஓட்ட ஆசைப்படுபவர்கள், தடத்துக்குள் விழுந்தால் செலவு தமது என்று எண்ணிக்கொண்டுதான் போக வேண்டும்.

10. பதினோராம் மாதத்தில்

பாலிசித் தாளில் உள்ள இரண்டு முடிவுத் தேதிகளையும் வண்டி வாங்கிய அன்றே போனில் நினைவூட்டலாகப் பதியுங்கள். சொந்த சேதப் பகுதியை ஆண்டுதோறும் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து வேறு நிறுவனத்திலும் எடுக்கலாம். முடிவதற்கு இருபது நாட்களுக்கு முன் மூன்று இடங்களில் விலை கேளுங்கள். நாள் தவறினால் வண்டியை ஆய்வு செய்த பிறகே புதுப்பிப்பார்கள். 90 நாட்களைத் தாண்டினால் சேர்த்து வைத்த என்.சி.பி.யும் போய்விடும். இரண்டாம் ஆண்டில் ஐ.டி.வி. விலையில் 80 சதவீதமாக இறங்கியிருக்கும். முதல் ஆண்டு முடிந்ததும் புகைச் சான்றும் எடுக்க வேண்டும். கடன் அடைந்ததும் வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35ஐக் கொடுத்து, ஆர்.சி.யிலும் பாலிசியிலும் வங்கியின் பெயரை நீக்குங்கள்.

நான் பத்தொன்பது நாள் தாமதத்தில் புதுப்பித்தபோது, ஆய்வுக்கு வந்தவர் பிளந்த ஃபேரிங்கைப் படமெடுத்து, அந்தச் சேதத்தை மட்டும் பாலிசியிலிருந்து விலக்கி எழுதிவிட்டுப் போனார். இப்போது என் பின் இருக்கைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டையான மரத்துண்டு இருக்கிறது. மணலிலோ, வெயிலில் இளகிய தாரிலோ நிறுத்தினால், சைடு ஸ்டாண்டுக்குக் கீழே அதை வைத்துவிட்டுத்தான் டீ சொல்கிறேன்.